கிராஃப்ட்வெர்க்கை நேரில் கேட்க எங்கே போவது? சென்னையிலிருந்து ஒரு கணக்கு

மும்பையா, சிங்கப்பூரா, இல்லை நேரே ஜெர்மனிக்கே போய்விடுவதா என்று நானும் என் சித்தப்பாவும் ஆறு மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். பார்க்க வேண்டியது கிராஃப்ட்வெர்க். மின்னணுப் பாப் இசையில் எங்கள் இருவருக்கும் அதற்கு மேல் ஒரு குழு கிடையாது. சித்தப்பாவுக்கு 71 வயது, வலது முழங்காலில் தேய்மானம். எனக்கு 46. இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு பயணத்துக்குத்தான் கையில் சேமிப்பு இருக்கிறது. ஒரு முறைதான் போக முடியும் என்றால் அந்த ஒரு முறையை எங்கே செலவழிப்பது? எங்களைப் போலவே யோசித்துக்கொண்டிருப்பவர்கள் இந்த ஊரில் இன்னும் சிலராவது இருப்பார்கள். அவர்களுக்காக எங்கள் கணக்கை எழுதிவைக்கிறேன்.

சித்தப்பா ரிச்சி தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் 32 வருடம் ரேடியோ, டேப் ரிக்கார்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். 1989இல் கப்பலில் வேலை செய்யும் ஒருவர் டெக் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். பெல்ட் தளர்ந்து பாட்டு இழுத்துக்கொண்டு ஓடியது. உள்ளே ஒரு கேசட் அப்படியே இருந்தது. பெல்ட்டை மாற்றிய சித்தப்பா, வேகம் சரியாகிவிட்டதா என்று பார்க்க அந்தக் கேசட்டையே ஓடவிட்டார். கடை அலமாரியில் பழுதுக்கு வந்த கால்குலேட்டர்கள் வரிசையாக இருந்தன. கேசட்டில் ஒருவர் கால்குலேட்டரைப் பற்றியே பாடிக்கொண்டிருந்தார். பள்ளி விட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த எனக்கு அப்போது ஒன்பது வயது. 1981இல் வெளிவந்த கிராஃப்ட்வெர்க்கின் ‘கம்ப்யூட்டர் வேர்ல்ட்’ ஆல்பம் அது. அதில் வெறும் எண்களை மட்டுமே ஜெர்மன், ஆங்கிலம், ஜப்பானியம், ரஷ்யன் என்று மொழி மாற்றி மாற்றிச் சொல்லும் ஒரு பாட்டு உண்டு. சித்தப்பா திருகாணிகளை ஒவ்வொன்றாக டப்பா மூடியில் போட்டுக்கொண்டே, அதே தாளத்தில் “ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு” என்று தமிழில் எண்ணினார். இன்றைக்கும் அந்தப் பாட்டு எனக்குத் தமிழோடு சேர்ந்துதான் கேட்கிறது.

இந்தக் குழுவை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1970இல் ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் நகரில் ரால்ஃப் ஹூட்டரும் ஃபுளோரியன் ஷ்னைடரும் தொடங்கியது. ஜெர்மன் மொழியில் கிராஃப்ட்வெர்க் என்றால் மின் உற்பத்தி நிலையம். பேசின் பிரிட்ஜ் மின் நிலையத்துக்கு அருகில் வியாசர்பாடியில் வாழ்ந்த சித்தப்பாவுக்கு அந்தப் பெயரின் பொருள் தெரிந்த நாளிலிருந்து அவர்கள் உறவுக்காரர்கள் ஆகிவிட்டார்கள். 1974இல் ‘ஆட்டோபான்’, 1977இல் ‘டிரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்’, 1978இல் ‘தி மேன்-மெஷின்’ என்று ஆல்பங்கள் வந்தன. ஹிப்-ஹாப்பின் தொடக்க காலப் பாட்டுகளில் ஒன்றான ‘பிளானட் ராக்’ 1982இல் வந்தபோது அதன் மெட்டும் தாளமும் இவர்களிடமிருந்து எடுக்கப்பட்டவை. அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் டெக்னோ என்ற மின்னணு நடன இசை பிறந்ததற்கும் இவர்கள் ஒரு காரணம். ஷ்னைடர் 2020இல் காலமானார். தொடங்கியவர்களில் இன்றும் மேடையில் நிற்பவர் ஹூட்டர் ஒருவரே. அவர் பிறந்தது 1946இல். எங்கள் அவசரத்துக்குக் காரணம் இதுதான். சித்தப்பாவின் முழங்காலையும் ஹூட்டரின் வயதையும் சேர்த்துப் பார்க்கும்போது, இன்னும் ஐந்து வருடம் தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை.

எங்கே போவது என்று கேட்பதற்கு முன்னால் எதற்குப் போவது என்று கேட்டுக்கொண்டோம். இந்தக் குழுவைப் பொறுத்தவரை அது நியாயமான கேள்வி. மேடையில் நான்கு பேர், ஒளிரும் கோடுகள் போட்ட உடையில், நான்கு மேசைகளுக்குப் பின்னால் அசையாமல் நிற்பார்கள். குதிப்பதில்லை, ஓடுவதில்லை, கூட்டத்தைப் பார்த்துக் கத்துவதில்லை. “இதைத் தொலைக்காட்சியிலேயே பார்க்கலாமே” என்று சித்தி கேட்டார். பார்க்கலாம்தான். 2012 முதல் அவர்கள் நடத்திய கச்சேரிகளின் பதிவு ‘3-டி தி கேட்டலாக்’ என்று 2017இல் வெளிவந்தது. எட்டு ஆல்பங்களும் அதில் அடக்கம். மறு ஆண்டு கிராமி விருதும் வாங்கியது. அதை நாங்கள் எத்தனை முறை பார்த்தோம் என்பதற்குக் கணக்கில்லை.

அதனால் வீட்டில் கேட்பதையும் ஒரு வழியாக எடுத்துக்கொண்டு ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தோம். அண்ணா நகரில் இருக்கும் என் நண்பர் ஒருவர் வீட்டுக் கூடத்தில் பதினைந்து அங்குல சப்-வூஃபர் இரண்டு இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜன்னல்களை மூடி, திரைச்சீலையை இழுத்துவிட்டுப் போட்டோம். மிக நன்றாக இருந்தது. ஆனால் சித்தப்பா பாதியில் எழுந்து ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, “பெட்டி அதிருகிறது, அறை அதிரவில்லை” என்றார்.

நேரில் கேட்பதன் அடிப்படையே அந்த ஒரு வரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நாற்பது ஹெர்ட்ஸ் என்ற மிகத் தாழ்ந்த ஒலியின் ஓர் அலை எட்டரை மீட்டர் நீளம். நம் வீட்டுக் கூடம் முழுவதும் சேர்ந்தாலும் அந்த அலை ஒரு முறை விரிய இடம் போதாது. பெரிய அரங்கில் அது விரிகிறது. நாற்காலியின் கைப்பிடி வழியாக, தரை வழியாக, விலா எலும்பின் வழியாக உள்ளே வருகிறது. கோயிலில் தவிலுக்கு இரண்டடி தள்ளி நின்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காது கேட்பதற்கு முன்பே வயிறு கேட்டுவிடும். மின்னணு இசையில் பாதி இந்தக் கீழ்க்குரலில்தான் இருக்கிறது. வீட்டில் நாம் கேட்பது மீதிப் பாதியை.

இன்னொன்று நேரம். அவர்களுடைய தனிக் கச்சேரி ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஓடும். திரையில் ‘ஆட்டோபான்’ சாலையில் கார்கள் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். அந்தப் பாட்டு ஆல்பத்தில் 22 நிமிடத்துக்கும் மேல். அதை ராகம் தானம் பல்லவி மாதிரி உட்கார்ந்து கேட்க வேண்டும். கடைசிப் பாட்டில் நால்வரும் ஒவ்வொருவராகத் தங்கள் பங்கை வாசித்துவிட்டு, மேடையின் ஓரத்துக்கு வந்து வணங்கிவிட்டுப் போவார்கள். ஹூட்டர் கடைசியாகப் போவார். இரண்டு மணி நேரம் இயந்திரம் மாதிரி நின்ற மனிதர்கள் தலைகுனிந்து வணங்கும் அந்த நிமிடத்தைப் பதிவில் பார்த்தாலே எனக்குத் தொண்டை அடைக்கிறது. முன்னால் இருந்த இரண்டு மணி நேரத்தையும் அதே அறையில் உட்கார்ந்து கேட்டிருந்தால்தான் அந்த வணக்கம் நமக்கும் உரியதாகும்.

ஆகவே எங்கள் தேவைகள் மூன்று: மூடிய அரங்கு, முழுக் கச்சேரி, சித்தப்பாவுக்கு ஓர் இருக்கை. இவற்றை வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு ஊரையும் பார்த்தோம்.

சென்னையிலேயே காத்திருக்கலாம் என்பது முதல் யோசனை. இது சோம்பேறி யோசனை இல்லை. நம் ஊருக்கு வெளிநாட்டுக் கலைஞர்கள் இப்போது வருகிறார்கள். 2025 பிப்ரவரி 5 அன்று நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் எட் ஷீரன் பாடினார். மெட்ரோவில் போய் மெட்ரோவில் திரும்பலாம். விசா இல்லை, ஓட்டல் இல்லை. வந்துவிட்டால் இதைவிட மலிவான வழி எதுவும் இருக்கப் போவதில்லை.

ஆனால் இங்கே பெரிய கச்சேரி என்றால் பெரும்பாலும் மைதானம். 2023 செப்டம்பரில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பனையூர்ப் பக்கம் நடந்த கச்சேரியில் டிக்கெட் வாங்கியவர்களே உள்ளே போக முடியாமல் நெரிசலில் சிக்கியதைச் செய்தியில் எல்லோரும் பார்த்தோம். அதற்கு முன்பே எங்களுக்கு ஓர் அனுபவம் இருந்தது. வேறொரு மைதானக் கச்சேரிக்குச் சித்தப்பாவை அழைத்துப் போயிருந்தேன். இருக்கை உண்டு என்று சொல்லித்தான் டிக்கெட் விற்றார்கள். போய்ப் பார்த்தால் நாற்காலிகளை முன்வரிசைக் கூட்டம் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மூன்று மணி நேரம் அவர் ஒரு மூங்கில் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீடு திரும்பியதும் முழங்கால் இட்லிப் பானை மாதிரி வீங்கியிருந்தது. அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மைதானத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. இதைச் சித்தப்பாதான் எனக்கு விளக்கினார். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். மேடையிலிருந்து நூறு மீட்டர் தள்ளி நிற்பவருக்குத் திரையில் படம் உடனே தெரியும், ஒலி 0.3 நொடி கழித்து வரும். நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டில் ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடைவெளியே அரை நொடிதான். அப்படியானால் படமும் இசையும் அரைத் தட்டுக்கு மேல் விலகி நிற்கும். கிதார் வாசித்துப் பாடும் கச்சேரியில் இது பெரிய குறை இல்லை. இங்கோ திரையில் எண் மாறும் அதே கணத்தில் ஒலி விழ வேண்டும். சுவர் இல்லாத இடத்தில் கீழ்க்குரல் திரும்பி வர வழியில்லாமல் கரைந்துபோவதும் இருக்கிறது. சென்னையில் நேரு உள்விளையாட்டரங்கம் போல ஒரு மூடிய இடத்துக்கு அவர்கள் வந்தால் நான் வேறு எதையும் யோசிக்கவே மாட்டேன். யாரோ ஓர் ஏற்பாட்டாளர் மனம் வைப்பதை நம்பி, 71 வயதுக்காரரை உட்கார வைத்துவிட முடியாது என்பதால் இதை ஒதுக்கினோம்.

அடுத்தது மும்பை. என் மனம் முதலில் சாய்ந்தது இந்தப் பக்கம்தான், ஒப்புக்கொள்கிறேன். விமானத்தில் இரண்டு மணி நேரம். போய்வர ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு உள்ளே அடக்கலாம். 2023 முதல் மகாலட்சுமி குதிரைப் பந்தய மைதானத்தில் லோலாபலூசா விழா நடக்கிறது. ஒரே டிக்கெட்டில் பல மேடைகள். உலகப் பெயர்கள் வந்து போகின்றன. நம் குழுவும் விழாக்களில் வாசிப்பவர்கள்தான். 2024இல் ஜப்பானின் ஃபூஜி ராக் விழாவில் ஒரு நாள் தலைமைக் கச்சேரி அவர்களுடையது. அவர்கள் பெயர் ஒரு நாள் மும்பைப் பட்டியலில் வந்தால் அதில் வியப்பதற்கு எதுவும் இருக்காது.

வந்தால் என்ன கிடைக்கும் என்று கணக்குப் போட்டோம். திறந்தவெளியில் இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. ஆகவே கடைசிக் கச்சேரியும் பத்துக்குள் முடிய வேண்டும். மும்பையில் ஜனவரி மாதம் சூரியன் மறைவது ஆறரை மணி சுமாருக்கு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மூன்றரை மணி நேர இருட்டைத்தான் பெரிய பெயர்கள் எல்லோரும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். தலைமைக் கச்சேரியாக இருந்தால் ஒன்றரை மணி நேரம் கிடைக்கலாம். இல்லாவிட்டால் வெயிலில் ஒரு மணி நேரம்தான். ஒளிரும் உடையும் திரையும் வெயிலில் வெளிறிப்போகும். ஒரு மணி நேரத்தில் எதை வெட்டுவார்கள்? நீளமானதைத்தான். கீர்த்தனையையும் தனி ஆவர்த்தனத்தையும் விட்டுவிட்டுத் துக்கடாக்களை மட்டும் பாடிவிட்டு மங்களம் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. திருவிழாவின் இயல்பு அது. கோயிலில் உற்சவர் வீதிக்கு வருகிறார், எல்லோரும் பார்க்கிறோம், தோளோடு தோள் இடித்துக்கொண்டு கும்பிடுகிறோம். அதற்கென்று ஒரு மகிழ்ச்சி உண்டு. மூலவரைப் பார்க்க வேண்டுமென்றால் கருவறைக்குத்தான் போக வேண்டும். இருபத்திரண்டு வயதில், நண்பர்கள் நான்கு பேருடன், வேறு பத்துக் குழுக்களையும் கேட்கும் ஆசையோடு இருப்பவருக்கு மும்பைதான் சரி. நாள் முழுவதும் நிற்கும் கால்கள் அவருக்கு இருக்கின்றன. எனக்கு அந்த வயதில் இந்த வாய்ப்பு இருந்திருந்தால் முன்பதிவு இல்லாத பெட்டியில் ஏறியாவது போயிருப்பேன். இப்போது என் பக்கத்து இருக்கையில் இருக்கப் போகிறவரை நினைக்கும்போது மும்பை விலகிப் போகிறது.

பெங்களூரு பற்றி ஒரு வார்த்தை. வந்தே பாரத்தில் நாலரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். மின்னணு இசைக்கு அங்கே நல்ல கூட்டம் உண்டு. ஆனால் பெரிய கச்சேரி என்றால் அங்கேயும் ஊருக்கு வெளியே மைதானம்தான். சென்னைக்குச் சொன்னது எல்லாம் அதற்கும் பொருந்தும்.

சிங்கப்பூரை விட்டுக்கொடுக்கத்தான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. நான்கு மணி நேர விமானம். வெள்ளி இரவு கிளம்பினால் திங்கள் காலை வேலைக்கு வந்துவிடலாம். நான் பார்த்த அன்று போய்வரும் கட்டணம் இருபதாயிரத்தை ஒட்டி இருந்தது. விசாவை அங்கீகரிக்கப்பட்ட முகவர் மூலமே வாங்கலாம். அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர். ஸ்டார் தியேட்டரில் ஐயாயிரம் இருக்கைகள், எல்லாம் கூரைக்குக் கீழே. மெட்ரோ ரயில் நிலையத்திலேயே தமிழில் பெயர்ப்பலகை. சிராங்கூன் சாலையில் இறங்கினால் சித்தப்பாவுக்குக் காலை இட்லியும் மாலை காபியும் உறுதி. முழங்காலுக்கும் அந்த ஊர் நல்லது. எங்கு பார்த்தாலும் மின்தூக்கி இருக்கிறது.

எங்கள் மூன்று தேவைகளையும் நிறைவேற்றும் ஊர்தான். தடையாக நிற்பது ஒன்றே ஒன்று, நாள்காட்டி. ஐரோப்பாவில் இந்தக் குழு ஏறக்குறைய வருடந்தோறும் பல நகரங்களில் வாசிக்கிறது. நாம் நாளைத் தேர்ந்தெடுக்கலாம். ஆசியாவுக்கு வரும்போது அவர்கள் தேர்ந்தெடுத்த நாளுக்கு நாம் ஓட வேண்டும். அந்த வருகை எப்போது என்று சொல்ல முடியாது. வந்தாலும் ஃபூஜி ராக் போல மலையடிவாரத்து விழாவாக இருந்துவிடலாம். உங்களுக்கு முப்பது வயது, காத்திருக்க நேரம் இருக்கிறது, சிங்கப்பூரில் தங்க அக்கா வீடு இருக்கிறது என்றால் என் யோசனை இதுதான்: பாஸ்போர்ட்டைத் தயாராக வைத்துக்கொண்டு ஆசியப் பயண அறிவிப்புக்குக் காத்திருங்கள். செலவுக்கும் பலனுக்கும் இதைவிடப் பொருத்தமான வழி சென்னைக்காரருக்கு இல்லை. எங்களிடம் இல்லாதது காத்திருக்கும் நேரம்.

மீதி இருப்பது ஜெர்மனி.

செலவை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் இதன் பெரிய குறை. சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு நேரடி விமானம் இருக்கிறது, சுமார் பத்து மணி நேரம். நான் விசாரித்தபோது போய்வர ஆளுக்கு எழுபதாயிரம் ரூபாயை ஒட்டி வந்தது. ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவின் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஓட்டல், ரயில், உணவு, டிக்கெட் எல்லாம் சேர்த்தால் இரண்டு பேருக்கு மும்பைக்கு ஆவதைப் போலப் பல மடங்கு ஆகிவிடும். ஒரு சிறிய கார் வாங்க முன்பணம் கட்டலாம் அந்தத் தொகைக்கு. சித்தி இதைச் சொன்னபோது என்னிடம் பதில் இல்லை. சித்தப்பா மட்டும், “கார் எனக்கு ஓட்டத் தெரியாது” என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சு வளரவில்லை.

விசாவில் கவனிக்க வேண்டியவை சில. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி நேரம் என்றால் குறைந்தது 15 நாள் முன்பு. பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். கச்சேரி டிக்கெட்டை முதலில் வாங்குவதா, விசாவை முதலில் எடுப்பதா என்ற குழப்பம் எல்லோருக்கும் வரும். டிக்கெட்டை முதலில் வாங்குவது என்று நாங்கள் முடிவு செய்தோம். போகும் நோக்கத்தை விண்ணப்பத்தில் காட்ட அது உதவும். விசா கிடைக்காவிட்டால் நட்டம் அந்த டிக்கெட் அளவோடு நிற்கும். விமான டிக்கெட்டைப் பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் எடுக்க வேண்டும்.

நாளைத் தேர்ந்தெடுப்பதில்தான் நாங்கள் கிட்டத்தட்டத் தவறு செய்யப் பார்த்தோம். கோடை விடுமுறையில், ஜூன் மாதம் போகலாம் என்று நினைத்தோம். குளிர் இருக்காது, முழங்காலுக்கு நல்லது. பிறகுதான் உறைத்தது. ஜூன் மாதம் டுசெல்டார்ஃபில் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகும். கோடைக் கச்சேரிகளில் பல, கோட்டை முற்றத்திலும் பூங்காவிலும் திறந்தவெளியில் நடப்பவை. அவ்வளவு செலவு செய்து போய், மும்பையில் எந்த வெளிச்சத்துக்குப் பயந்தோமோ அதே வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்போம். ஆகவே நவம்பர், டிசம்பர்தான் சரி. அப்போது மாலை நாலரைக்கே இருட்டிவிடும். கச்சேரிகள் கூரைக்குள் வந்துவிடும்.

டிசம்பர் என்றால் சித்தப்பாவுக்கு ஓர் இழப்பு இருக்கிறது. மார்கழிக் கச்சேரிகளை அவர் விட்டதே இல்லை. மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களில் காலை இலவசக் கச்சேரிகளுக்கு நாற்பது வருடமாகப் போகிறார். இந்த வருடம் பத்து நாள் போகும் என்று சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “சபா அடுத்த வருடமும் இருக்கும்” என்று அவரே முடித்தார். குளிருக்கு முழங்கால் உறை, கம்பளிக் காலுறை, வலி மாத்திரைக்கு மருத்துவரின் சீட்டு என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறோம். விமான நிலையத்தில் சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிட வேண்டும். முதலில் மறுத்தவர், முனையத்தின் நடை தூரத்தைச் சொன்னதும் ஒத்துக்கொண்டார்.

டிக்கெட்டில் இரண்டு ஜெர்மன் சொற்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ‘சிட்ஸ்பிளாட்ஸ்’ என்றால் இருக்கை, ‘ஷ்டேபிளாட்ஸ்’ என்றால் நிற்கும் இடம். ஒரே அரங்கில் இரண்டும் விற்பார்கள். பல சமயம் மேடைக்கு அருகில் இருப்பது நிற்கும் இடம்தான். மேடைக்கு நேர் நடுவில், கொஞ்சம் பின்னால், இருக்கை வரிசையில் கிடைத்தால் அதுவே மிகச் சிறந்த இடம். இரு பக்க ஸ்பீக்கர்களும் சமமாகச் சேருவது அங்கேதான். முப்பரிமாணக் கச்சேரி என்று அறிவித்திருந்தால் படமும் அங்கிருந்துதான் சரியாகத் தெரியும். ஓரத்து இருக்கைகளில் ஆழம் குறைந்துவிடும். எல்லாப் பயணத்திலும் முப்பரிமாணக் கண்ணாடி கொடுப்பதில்லை, அறிவிப்பைப் படித்துப் பாருங்கள். குழுவின் சொந்த இணையதளத்தில் இருக்கும் இணைப்பு வழியாக மட்டும் வாங்குவது பாதுகாப்பு.

இத்தனை செலவுக்கும் ஜெர்மனி என்ன கொடுக்கிறது? மூன்று தேவைகளையும் கொடுக்கிறது, நாம் தேர்ந்தெடுத்த தேதியில். அதற்கு மேலும் சில உண்டு. ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து டுசெல்டார்ஃபுக்கு விரைவு ரயிலில் ஒன்றரை மணி நேரம் சொச்சம். அந்த நகரின் ரயில் நிலையத்துக்கு அருகில் மின்ட்ரோப் தெருவில், 16ஆம் எண் கட்டடத்தில்தான் அவர்களுடைய கிளிங் கிளாங் ஸ்டுடியோ பல பத்தாண்டுகள் இருந்தது. இப்போது அங்கே இல்லை. ஊருக்கு வெளியே போய்விட்டது. ஆனாலும் சித்தப்பா அந்தத் தெருவில் ஒரு முறை நடக்க வேண்டும் என்கிறார். தங்களுக்கு வேண்டிய தாளக் கருவிகளை அவர்கள் தாங்களே பற்றவைத்துச் செய்துகொண்டவர்கள். ரிச்சி தெருவில் 32 வருடம் பற்றவைத்தவருக்கு அந்த வாசல் எப்படிப்பட்டது என்று எனக்குப் புரிகிறது.

டுசெல்டார்ஃபிலிருந்து ஒரு மணி நேர ரயில் தூரத்தில் ஹாம் நகரம். அங்கே இலங்கைத் தமிழர்கள் எழுப்பிய ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. 2002இல் குடமுழுக்கு நடந்தது. கோபுரத்தோடு நம் ஊர்க் கோயில் மாதிரியே நிற்கிறது. சித்தி இந்தப் பயணத்துக்கு முழு மனதோடு சரி சொன்னது இந்தக் கோயிலைப் பற்றிச் சொன்ன பிறகுதான். கச்சேரிக்கு மறுநாளை அதற்கென்று ஒதுக்கிவிட்டோம்.

கச்சேரியில் நான் பயத்தோடு எதிர்பார்க்கும் பாட்டு ஒன்று இருக்கிறது. கதிரியக்கத்தைப் பற்றி 1975இல் எழுதிய பாட்டில் பிற்காலத்தில் செர்னோபில், ஹாரிஸ்பர்க், செல்லாஃபீல்ட், ஹிரோஷிமா என்று ஊர்ப்பெயர்களைச் சேர்த்தார்கள். 2012இல் ஃபுகுஷிமாவும் சேர்ந்தது. சித்தப்பாவின் சொந்த ஊர் சதுரங்கப்பட்டினம். கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குப் பக்கத்தில். அந்தப் பெயர்கள் வரும்போது அவர் கடையில் எந்த வேலையாக இருந்தாலும் சால்டரிங் அயனைத் தாங்கியில் வைத்துவிடுவார். பாட்டு முடிந்த பிறகுதான் மறுபடியும் எடுப்பார். ஏன் என்று நான் கேட்டதில்லை. அரங்கில், இருட்டில், தரை அதிர அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் எழும்போது நான் அவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஆகவே ஜெர்மனி. நவம்பரிலோ டிசம்பரிலோ, கூரைக்குள், நடு வரிசையில் இரண்டு இருக்கைகள். தேதி அறிவிப்பு வந்த அன்றே வாங்குவது என்று பேசி வைத்திருக்கிறோம். டுசெல்டார்ஃபிலேயே கிடைத்தால் நல்லது. கொலோனோ எஸ்ஸெனோ ஆனாலும் சரி. எல்லாம் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள். இதற்கு நடுவில் சிங்கப்பூர் அறிவிப்பு வந்துவிட்டால் யோசிக்காமல் அங்கே மாறிவிடுவோம். மிச்சமாகும் பணத்தில் சித்தியும் வருவார்.

சித்தப்பாவின் பழைய பாஸ்போர்ட் காலாவதியாகிப் பல வருடம் ஆகிவிட்டது. போன வாரம் புதியதற்குப் போயிருந்தோம். விரல்ரேகை எடுக்கும் இடத்தில் அவருடைய வலது கை ஆள்காட்டி விரல் பதியவில்லை. ஈயம் சுட்டுச் சுட்டு நுனித்தோல் வழுவழுப்பாகிவிட்டது. கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அங்கிருந்த பெண் ஈரத் துணி ஒன்றைக் கொடுத்து, “துடைத்துவிட்டு மறுபடியும் வையுங்கள், ஐயா, அவசரமே இல்லை” என்றார். இரண்டாம் முறையும் சிவப்பு. மூன்றாம் முறையும் சிவப்பு. சித்தப்பா விரலைச் சட்டையில் தேய்த்துவிட்டு, கடையில் டெக்கின் பொத்தானை அழுத்துவாரே அதே மாதிரி, மெதுவாக, நேராக அழுத்தினார். உதட்டுக்குள் எண்ணுவது எனக்குக் கேட்டது. நான்கு என்றபோது பச்சை எரிந்தது.